சாயக் குட்டையும் வதனி மிஸ்ஸும்

ஆலைக் கழிவுநீர்க் குட்டைகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு: நாம் வருவது யாருக்குமே பிடிக்காது என்பதால், யாருக்குப் பிடிக்கவில்லை என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹட்டன் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சுற்றாடல் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் வெகுகாலம் இந்த வேலை பார்த்தேன். சேறு, நாற்றம், அட்டைக்கடி, காவற்காரரின் நாய் என்று எல்லாவற்றுக்கும் பழகிவிட்டேன். பழக முடியாமல் போனது ஒரே ஓர் ஆளுக்கு. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். நமக்குப் பின்னால் வேலைக்கு வந்து நமக்கு முன்னால் நடந்து போகிறவர். அந்த எரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

புது மீட்டர்

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தபோது, எங்கள் தோட்டத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போகும் முதல் பெண் ஸ்டெல்லா என்று ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரே அறிவித்தார். அந்தப் பெருமையை நான் நாலு வருடம் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் வதனி வந்தாள்.

வதனி யாழ்ப்பாணத்துப் பெண். சண்டையில் வீடு வாசலை விட்டு வந்து, பேராதனையில் இரசாயனம் படித்து முடித்தவள். என்னைவிட ஐந்து வயது இளையவள். வந்த கிழமையே, தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று இலக்கத்தில் காட்டும் புது மீட்டர் ஒன்று கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. அதைக் கேட்டு மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். பொறுப்பதிகாரி ஜயசேன சேர் பெட்டியைப் பிரித்தார், மீட்டரை எடுத்தார், வதனியின் மேசையில் வைத்தார். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அலுவலகம் முழுவதும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னார்: "ஸ்டெல்லாவுக்கு எதற்கு மெஷின்? அவருக்கு மூக்கே போதும்!"

ஐஸ் பெட்டி

அலுவலகத்துக்கு ஒரே ஜீப். நான் தனியாக இருந்த காலத்தில் அது பாதி நாள் பழுதாகி நிற்கும். வதனி வந்த பிறகு அதற்கும் உற்சாகம் வந்துவிட்டது. இரசாயனம் படித்தவள், கருவிகளோடு போகிறவள் என்று ஜீப் அவளுக்கு. அனுபவசாலி, வழி தெரிந்தவள் என்று பஸ் எனக்கு.

ஒரு நாள் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போய் ஆறு போத்தல் கழிவுநீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மழையில் நனைந்தபடி பஸ் ஏறினேன். பின்னேர ரயிலில் அவற்றைக் கண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இந்நேரம் வதனி ஜீப்பின் முன் ஆசனத்தில் கால் நனையாமல் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன். வளைவில் பஸ் திரும்பியபோது பெட்டி சாய்ந்து, பக்கத்தில் இருந்தவரின் சாரத்தில் நாலு சொட்டு விழுந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "அக்கா, மீன் கெட்டுப் போச்சு போல, எறக்கிப்புட்டு ஏறுங்க!"

நம்ம புள்ள

ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையில் ஒரு தோட்டம். அங்கே மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஒரு கம்பெனி வாங்கி, துணிக்குச் சாயம் போடும் ஆலையாக மாற்றியிருந்தது. துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். சாயக் கழிவுநீர் ஆலைக்குக் கீழே வெட்டியிருந்த மூன்று குட்டைகளில் தேங்கித் தெளிந்து, கடைசிக் குட்டையிலிருந்து ஓடைக்குப் போக வேண்டும். குட்டைகளுக்குக் கீழே தேயிலை மலை. அதற்கும் கீழே இரண்டு லயம். லயத்து மக்கள் குடிப்பது, குளிப்பது எல்லாம் மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய பீலித் தண்ணீரில். அந்தத் தண்ணீர் உவர்க்கிறது என்று லயத்திலிருந்து முறைப்பாடு வந்தது. நானும் வதனியும் போனோம். இந்த முறை ஜீப்பில் எனக்கும் இடம் கிடைத்தது, பின்னால்.

பீலியடியில் பரமேஸ்வரி என்ற அம்மா குடத்தோடு நின்றார். கொழுந்து எடுப்பவர். என் சித்தி குடும்பம் அந்தத் தோட்டத்தில் இருப்பதால் என்னை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் பேனாவை எடுத்து, உத்தியோகத்தருக்கு உரிய குரலில், "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கன்னத்தைத் தட்டினார், பிறகு என்னைக் கடந்து வதனியிடம் போய் நின்றார். "மிஸ், நீங்க கொஞ்சம் கேளுங்க மிஸ்" என்று ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினார். வதனி மீட்டரைத் தண்ணீரில் இறக்கினாள், தலையை ஆட்டினாள், குறித்துக்கொண்டாள். பேனாவும் கையுமாக நான் நின்றேன். "எங்கிட்டயும் சொல்லுங்க, நானும் ஆபீஸ்தான்" என்றேன். பரமேஸ்வரி அம்மா உண்மையான அன்போடுதான் பதில் சொன்னார்: "நீ நம்ம புள்ள, ஒங்கிட்ட சொல்லி என்னா ஆகப்போவுது?"

போகிற தண்ணீர் எங்கே

அங்கிருந்து ஆலைக்குப் போனோம். முகாமையாளர் சிரித்த முகக்காரர். ஒவ்வொரு வருடமும் உரிமம் புதுப்பிக்கும்போது கடைசிக் குட்டையிலிருந்து வெளியேறும் தண்ணீரை நான் எடுப்பேன், அது தெளிவாக இருக்கும், கையெழுத்திடுவேன். மூன்று வருடமாக அப்படித்தான்.

வதனி போத்தலை எடுக்கவே இல்லை. முதல் குட்டைக்குள் விழும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாளிக்கணக்கில் விழுந்தது. பிறகு கடைசிக் குட்டையின் வாய்க்குப் போய்ப் பார்த்தாள். நூல் மாதிரிக் கசிந்தது. "அக்கா, மழையும் பெய்யுது, ஆலையும் ஓடுது. இவ்வளவு தண்ணி உள்ள போகுது, வெளியில வாறது இவ்வளவுதான். மிச்சம் எங்க போகுது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று வருடம் அதே வரப்பில் நின்றிருக்கிறேன், வெளியே வருவதை மட்டும் பார்த்திருக்கிறேன். குட்டைகளின் அடியில் விரிப்பு எதுவும் இல்லை, வெறும் மண். குட்டைக்கும் லயத்துக்கும் நடுவில் மூன்று இடத்தில் துளை போட்டு நிலத்தடித் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று அவள் முகாமையாளரிடம் சொன்னாள். அவர் சிரிப்பை மாற்றாமலே சொன்னார்: "மிஸ், நான் தரைக்கு மேலதான் பெக்டரி நடத்துறேன், கீழ நடக்கிறதுக்கு நான் என்ன செய்ய?"

இரண்டு வரி

எங்கள் அலுவலகத்தில் ஓர் அறிக்கைக்கு இரண்டு பேர் கருத்து எழுத வேண்டும். வதனி நாலு பக்கம் எழுதியிருந்தாள். குட்டைகளிலிருந்து கசிவு இருக்கலாம், துளையிட்டுப் பார்க்கும்வரை உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று முடித்திருந்தாள். எழுத்து முத்து மாதிரி. அதற்குக் கீழே நான் இரண்டு வரி எழுதினேன். "குட்டைக்கும் பீலிக்கும் நடுவே உரமிடப்படும் தேயிலை மலை உள்ளது. உவர்ப்புக்கு உரமே காரணமாக இருக்கலாம், துளையிடத் தேவையில்லை."

நான் பொய் எழுதவில்லை. 'இருக்கலாம்' என்று எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் அந்த வரியை எழுதியபோது என் மனதில் உரமும் இல்லை, மலையும் இல்லை. துளையில் சாயம் வந்துவிட்டால் வதனியின் பெயர் கொழும்புவரை போகும், என்னுடைய மூன்று கையெழுத்தும் சந்தி சிரிக்கும் என்பதுதான் இருந்தது. ஜயசேன சேருக்கு என் கருத்து பிடித்துவிட்டது. ஆலையில் முன்னூறு பேர் வேலை செய்கிறார்கள், வீண் பிரச்சினை எதற்கு என்றார்; உரிமம் புதுப்பிக்கப்பட்டது. வதனி சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக்கி வைத்திருந்தேன். அவள் என் இரண்டு வரியையும் நிதானமாக வாசித்தாள், பைலை மூடினாள். "நீங்கள் எழுதினதெண்டால் சரியாத்தான் இருக்கும், அக்கா."

சீனிப் பையில் வந்த மண்

ஏழு மாதம் போனது. வதனியைப் பயிற்சிக்கென்று இரண்டு கிழமை கொழும்புக்கு அனுப்பினார்கள். (என்னை ஒரு தடவைகூட அனுப்பியதில்லை.) அந்த நேரத்தில் பரமேஸ்வரி அம்மா பஸ் ஏறி வந்து, காவலாளியிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 'வதனி மிஸ்' என்று யாரோ ஒரு பிள்ளையின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அவளுக்கு வந்ததை நான் பிரித்தேன். சீனிப் பைக்குள் ஒரு பிடி மண்ணும் காய்ந்த போஞ்சிச் செடி ஒன்றும். மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு. உரம் அதிகமானால் செடி கருகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் போஞ்சிப் பாத்திக்கு உரம் வாங்கிப் போட அந்த லயத்தில் யாரிடம் வசதி இருக்கிறது?

வதனியின் மேசையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை தனியாகப் போனேன். அந்தத் தேயிலை மலைக்கு மறுபக்கச் சரிவும் உண்டு. அதே தோட்டம், அதே தேயிலை, அதே உரம். மேலே குட்டை மட்டும் இல்லை. அங்கே ஓர் ஊற்று. மீட்டரை இறக்கினேன். நல்ல தண்ணீர். லயத்துப் பக்கம் வந்து பீலியில் இறக்கினேன். இலக்கம் ஏறிப்போய் நின்றது. உரம் என்று நான் எழுதியதைப் பொய்யாக்க அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அந்த அரை மணி நேரத்தை ஏழு மாதத்துக்கு முன்னால் நான் செலவழிக்கவில்லை.

பரமேஸ்வரி அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பீலித் தண்ணீரில் கழுவிக் கழுவி அவருடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. சீனியைத் தாண்டி உப்பு. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து என்னைப் புள்ள என்றும் நீ என்றும் கூப்பிட்டவர், என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க வந்து போயி ஏழு மாசமாச்சு, நாங்க இன்னும் இதத்தான் குடிக்கிறோம், மிஸ்."

இரண்டாவது துளை

என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக்கொண்டு ஜயசேன சேரிடம் போனேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். இந்தக் கடிதம் என் சொந்தப் பைலிலும் கிடக்கும், பதவி உயர்வு நேரத்தில் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தார். கிடக்கட்டும் என்றேன். அன்று முழுவதும் நான் பெரிய தியாகி என்ற நினைப்பில் இருந்தேன். வதனி பயிற்சி முடிந்து வந்ததும் அந்த நினைப்பும் போய்விட்டது, ஏனென்றால் துளையிடும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள்.

கையால் திருகி இறக்கும் துளைக்கருவியோடு தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். லயத்து மக்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்தார்கள். ஆலை முகாமையாளரும் வந்து நின்றார், சிரிப்பில்லாமல். முதல் துளையில் கலங்கல் தண்ணீர். இரண்டாவதில் எடுத்த போத்தலை வதனி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இலேசான நீலம். அத்தனை கண்களும் அவளுடைய கையில் இருந்தன. அந்த நிமிடத்தில்கூட, அந்த மக்களுக்கு நான் செய்த கெடுதல் கண்ணெதிரே போத்தலில் தெரிந்த அந்த நிமிடத்தில்கூட, அந்தப் போத்தலை நான் தூக்கிப் பிடித்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். கருவியைத் திருகிய ஆள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு போத்தலைப் பார்த்தார்: "போன தீவாளிக்கு என் சம்சாரத்துக்கு இதே கலர்லதாங்க சேல எடுத்தேன்."

ரோசி

உரிமம் நிறுத்தப்பட்டது. குட்டைகளை வற்றவைத்து, அடியில் உப்பேறிய மண்ணை அள்ளி அகற்றி, தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு முடிக்கும்வரை ஆலை ஓடக் கூடாது என்று கடிதம் போனது. இரண்டு மாதத்துக்குக் கிட்ட ஆலை மூடிக் கிடந்தது. அந்த முன்னூறு பேரில் பாதிக்கு மேல் சுற்றுத் தோட்டத்துப் பெண்கள். என் சித்தி மகள் ரோசியும் அதில் ஒருத்தி.

மாதா கோவில் வாசலில் ரோசி என்னைப் பிடித்துக்கொண்டாள். கூட அவளுடைய கூட்டாளிப் பெண்கள் நாலைந்து பேர். கசிவு, நிலத்தடி நீர், சட்டம் என்று நான் விளக்கினேன். ஏழு மாதத்துக்கு முன்பே பார்த்திருந்தால் ஒரு குட்டையாக வற்றவைத்து, ஆலையை மூடாமலே சரிசெய்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊரில் பாராட்டெல்லாம் வதனிக்கு, கோவில் வாசலில் ஏச்செல்லாம் எனக்கு என்று உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டேன். ரோசி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "குட்டையில ஓட்டைன்னா ஓட்டைய அடைங்க அக்கா, எங்க அடுப்ப ஏன் அணைக்கிறீங்க?"

மாலை

ஆலை திரும்ப ஓடத் தொடங்கியது. மலையின் மறுபக்கத்து நல்ல ஊற்றிலிருந்து ஆலைக்காரரே குழாய் இழுத்து லயத்துக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடானது. குழாய் திறக்கும் நாளில் லயத்துக்கு முன்னால் வாழைமரம் கட்டி மேளம் வைத்தார்கள். பரமேஸ்வரி அம்மா வதனிக்கு ரோசாப்பூ மாலை போட்டார். மாலை போடும்போது இடைஞ்சலாக இருக்கும் என்று அவள் தன் கைப்பையைக் கழற்றி என்னிடம் தந்தாள். விழா முடியும்வரை அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாயில் தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கையில் ஏந்திக் குடித்தார்கள். நானும் குடித்தேன், இனித்தது. அதுவும் அவளால் வந்த இனிப்பு என்று நினைத்ததும் கையில் மிச்சமிருந்ததைக் கீழே உதறிவிட்டேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மாலை அவள் மடியில் இருந்தது. என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். உரம் என்று எழுதியது சந்தேகத்தால் இல்லை, உன் மேலிருந்த எரிச்சலால்தான் என்றேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பரந்த மனசு என்ற பெயரையும் அவளே எடுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று அப்போதே உள்ளே புகைந்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அண்டைக்கே எனக்குத் தெரியும், அக்கா" என்றாள். "நான் சத்தம் போட்டிருக்க வேணும். வந்து கொஞ்ச நாள், இடமும் புதுசு, பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் மன்னிக்கிறது லேசு, அந்தத் தண்ணியைக் குடிச்சது நானில்லையே."

வதனி இப்போது கொழும்பில் பெரிய அதிகாரி. பத்திரிகையில் அவள் படம் வரும் நாளில் நான் முதலில் அவள் கட்டியிருக்கும் சேலையில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் செய்தியை வாசிக்கிறேன்.